விளையாடினால் மட்டும் நிற்கும் கம்ப்யூட்டர்

ஆகஸ்ட் 5, திங்கள்

இன்று பள்ளியில் ஒரு சாதனை. மாடிப்படிக்குப் பக்கத்து வெறும் சுவரில் 'லிஃப்ட் பழுது. சிரமத்திற்கு வருந்துகிறோம்' என்று ஓர் அறிவிப்பு ஒட்டினேன். எங்கள் பள்ளியில் லிஃப்டே கிடையாது. மூன்றாவது மாடிக்கு மூச்சு வாங்க ஏறி வந்த வேதியியல் சார், "எப்பத்தான் சரி பண்ணித் தொலைப்பாங்களோ" என்றார். முழுப் பெருமையும் லேமினேஷனுக்கே. இந்தத் திண்டுக்கல்லில் வெறும் பேப்பரை நம்பாதவர்கள்கூட லேமினேட் செய்த பேப்பரை நம்பிவிடுவார்கள்.

எனக்கு இந்த வசதி பிறவியிலேயே வாய்த்தது. அப்பா பரமானந்தம், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே 'ஆனந்தம் லேமினேஷன்' வைத்திருக்கிறார். ஜெராக்ஸ், லேமினேஷன், செல்போன் திரையில் கீறல் விழாமல் ஒட்டும் ஸ்க்ரீன் கார்டு. கடையில் செய்வது போதாதென்று வீட்டிலும் செய்கிறார். டிவி ரிமோட் பிளாஸ்டிக் உறைக்குள். சோபா, வாங்கி வந்த பாலிதீனுக்குள். ஃபிரிட்ஜ் கைப்பிடிக்குச் சட்டை. பைக் சீட்டில் கம்பெனிக்காரன் போட்ட கவர் கிழிந்து தொங்கினாலும் கழற்றக் கூடாது. என்னை மட்டும் விட்டு வைத்ததற்குக் காரணம், நான் மூச்சு விட வேண்டியிருந்தது.

சாயங்காலம் தோழி ஃபர்ஹானாவோடு ஆன்லைனில் துப்பாக்கிச் சண்டை கேம் பயிற்சி. எங்கள் இருவர் அணியின் பெயர் சால்னா சிங்கங்கள். அவள் கேப்டன், நான் மீதி. 18ஆம் தேதி ஞாயிறு மாவட்டத் தகுதிச் சுற்று. நான் கிணற்றுக்குப் பின்னால் ஒளிந்து குறி பார்த்துக்கொண்டிருந்தபோது திரை முழுக்க நீலமாகி கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. அவள் ஃபோன் அடித்தாள்.

"டேய் யுகா, ஒளிஞ்சிருக்கியா, செத்துட்டியா?"

"நீலமாயிட்டேன்."

"எந்தக் கடையில விக்குது இந்தச் சாக்கு?"

புது கேம் போட்டதிலிருந்து தினமும் இதே கதை. சினிமாவில் க்ளைமாக்ஸுக்கு முன்னால் மட்டும் கரண்ட் போகுமே, அந்த மாதிரி.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

அப்பாவிடம் சொன்னேன். சிரித்தார்.

"நீல ஸ்க்ரீனா? அடப்பாவி, ஒரே படத்தை எத்தனை தடவைடா ஓட்டுவ?"

அவர் சொல்வது ஜூன் மாதத்துச் சமாச்சாரம். கடைக் கம்ப்யூட்டரில் நீலத்திரையின் படத்தை முழுத்திரைக்கு வைத்துவிட்டு எதிர்ப் பெட்டிக்கடையில் நின்று வேடிக்கை பார்த்தேன். அப்பா பிளக்கைப் பிடுங்கினார், சொருகினார், மானிட்டருக்கு விபூதி பூசினார். ரிப்பேர் பார்க்கும் சவரிமுத்து அண்ணன் பத்தலகுண்டிலிருந்து பைக்கில் மழையில் நனைந்துகொண்டே வந்து மவுஸைத் தொட்டார். படம் போய்விட்டது. அது என் வாழ்நாளின் தலைசிறந்த படைப்பு.

இப்போது நிஜ நீலம் வந்திருக்கிறது. ரசிகர்கள்தான் எழுந்து போய்விட்டார்கள்.

ஆகஸ்ட் 7, புதன்

கடைக் கம்ப்யூட்டர் நிஜமாகவே மண்டையைப் போட்டது. சத்தியமாக நான் இல்லை. பத்து வருஷக் கிழம், புகை விட்டு அடங்கியது. அப்பா நேரே வீட்டுக்கு வந்தார். என் கம்ப்யூட்டரில் யாருடைய கல்யாணத்துக்கோ ஒரு பயோடேட்டா அடித்தார், ராசிக்கட்டம் போட்டார், ஆதார் அட்டையை ஸ்கேன் செய்தார். அது பதவிசாக எல்லாம் செய்து கொடுத்தது.

"எங்கடா நிக்குது?"

"கேம் ஆடினா மட்டும் நிக்கும்ப்பா."

அப்பா அதைக் கொஞ்ச நேரம் ஆசையாகப் பார்த்தார். "வேலைன்னா ஓடும், விளையாட்டுன்னா நிக்கும். இம்புட்டு ஒழுக்கமான கம்ப்யூட்டரை நான் பாத்ததே இல்லடா. உனக்கு எதுக்கு இது? 19ஆம் தேதி கடைக்குப் போகுது."

நான் குதித்தேன். பத்தாம் வகுப்பு மார்க்குக்கு வாங்கித் தந்தது, சட்டப்படி என்னுடையது என்று வாதாடினேன். அம்மா வெங்காயம் உரித்தபடி தீர்ப்புச் சொன்னார்: "நிஜமாவே கெட்டுப் போயிருந்து, 18க்குள்ள அதை இவன் சரியும் பண்ணிட்டா வீட்டுலயே இருக்கட்டும். இல்லாட்டி கடைக்கு."

"சரி. அப்படி ஆச்சுன்னா கடைக்கு நான் வேற பாத்துக்கறேன்" என்றார் அப்பா. முகத்தில் அவ்வளவு நிம்மதி. நான் தோற்பேன் என்பதில் எவ்வளவு நம்பிக்கை பாருங்கள் இந்த மனிதருக்கு.

இவரா ஜூனில் என் கம்ப்யூட்டரை அப்படிக் கொண்டாடியவர்? சவரிமுத்து அண்ணன் எங்கள் கூடத்தில் பாய் விரித்து ஒவ்வொரு பாகமாகப் பூட்டியபோது, காதுகுத்தில் தாய்மாமன் பிள்ளையை வாங்குவதுபோல ஒவ்வொன்றையும் அப்பா மடியில் வாங்கி வைத்துக்கொண்டார். அண்ணன் டீ குடிக்கப் போன நேரத்தில் எங்களை அண்டவிடாமல் தனியாகக் காவல் வேறு இருந்தார். பாசம் அவ்வளவுதான். ஒரு பயோடேட்டாவில் கரைந்துவிட்டது.

ஆகஸ்ட் 8, வியாழன்

டிரைவரை மாற்றினேன். "எந்த பஸ்ஸுக்கு?" என்றார் அம்மா. கம்ப்யூட்டருக்குள்ளும் டிரைவர் உண்டு என்று விளக்கினேன். "அதான் நிக்குது. டீ குடிக்க இறங்கியிருப்பான்."

கம்ப்யூட்டர் நின்றது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ரேம் என்கிற நினைவகப் பட்டையைக் கழற்றி, அதன் தங்கப் பற்களை அழிரப்பரால் தேய்த்துப் பளபளப்பாக்கி மாட்டினேன். இணையத்தில் ஒரு மகான் சொன்ன வழி. நின்றது. ரப்பர் போனதுதான் மிச்சம், ஓவிய வகுப்பில் திட்டு.

ஆகஸ்ட் 10, சனி

சவரிமுத்து அண்ணனைக் கூப்பிட்டேன்.

"தம்பி, நீ கூப்பிட்டு நான் வர மாட்டேன். மழையில நனைஞ்சு வந்து பாத்தா போட்டோ. என் வீட்டம்மா இன்னும் சிரிக்கிறா."

"அண்ணே, இது நிஜம்ண்ணே."

"அன்னைக்கு உங்கப்பாவும் அப்படித்தான் சொன்னாரு. சரி, ஃபோன்லயே சொல்றேன், கேட்டுக்க. விளையாடும்போது மட்டும் நிக்குதுன்னா ஒண்ணு கரண்ட் பத்தல, இல்லாட்டி சூடு. என் பழைய பவர் சப்ளை ஒண்ணு உங்கப்பா கடையில கிடக்கு. அதை மாட்டிப் பாரு. நிக்கலைன்னா எனக்கு டீ வாங்கிக் குடு."

மாட்டினேன். நின்றது. டீ மிச்சம்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

வரலாற்று நாள். கம்ப்யூட்டர் நிஜமாக நிற்கிறதா, நான் ஏமாற்றுகிறேனா என்று சோதிக்க அப்பாவே கேம் ஆடுவதென்று முடிவானது. "நீ தொடவே கூடாது. அந்த மூலைக்குப் போ. கையைக் கட்டிக்க."

சுடுகிற கேம் வேண்டாம், பாவம் என்றார். பஸ் ஓட்டுகிற கேமைப் போட்டுக் கொடுத்தேன். அதுவும் கனமான கேம்தான். மலைப்பாதை, மழை, மரம், மாடு எல்லாம் அச்சு அசலாக இருக்கும்.

அப்பா பஸ்ஸைக் கிளப்பினார். ஏறிய பயணிகள் எல்லாரும் உட்கார்ந்தாயிற்றா என்று கேமராவைத் திருப்பிப் பார்த்தார். ஆளில்லாத நாற்சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றார். மாட்டுக்கு வழிவிட்டார். பின்னால் ஹாரன் அடித்த லாரிக்காரனிடம், "போய்யா, உனக்குத்தான் அவசரம்" என்றார். என் அப்பா ஓட்டிய வேகத்தில் அந்த பஸ்ஸைவிட அந்த ஊரின் மரங்கள் வேகமாக வளர்ந்தன.

நிற்கவில்லை. நான் மூலையில் வியர்த்தேன். "பாத்தியா, பாத்தியா" என்றார். பிறகு அதைச் சொல்வதையும் விட்டுவிட்டார். நாற்காலி நுனிக்கு வந்திருந்தார். கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸோடு சேர்ந்து அவரும் சாய்ந்தார். அம்மா காபி வைத்ததுகூடத் தெரியவில்லை. கடைசி வளைவு, கீழே பஸ் ஸ்டாண்டின் விளக்கெல்லாம் தெரிகிறது.

நீலம்.

அப்பா மவுஸை ஆட்டினார். படம் போகவில்லை. என் பக்கம் திரும்பினார். நான் கையைக் கட்டியபடி, நடுநிலைப் பள்ளி மாணவனைப்போல நின்றேன்.

"உள்ள இருந்த பாசஞ்சரெல்லாம் என்னடா ஆனாங்க?"

"காணாமப் போயிட்டாங்கப்பா."

"ஒரு கைப்புள்ளக்காரி ஏறியிருந்தாடா" என்றார். எப்படியோ, வழக்கில் முதல் பாதி ஜெயித்துவிட்டேன். நிஜமாகவே கெட்டுப் போயிருக்கிறது.

ஆகஸ்ட் 12, திங்கள்

சூடு காட்டும் மென்பொருள் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். கேம் திறந்ததும் புராசஸரின் சூடு விறுவிறுவென ஏறி நூறு டிகிரியை எட்டிப் பார்த்துவிட்டு நின்றது. அம்மாவிடம், இனி அடுப்பு வேண்டாம், ஆம்லெட்டை இங்கேயே போடலாம் என்றேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் இதை விளக்கினேன். கம்ப்யூட்டரின் மூளை, அதாவது புராசஸர், சூடாகும். மூளைக்கு மேல் ஒரு செம்புத் தட்டு உட்கார்ந்திருக்கும். அது சூட்டை உறிஞ்சி ஃபேனுக்குத் தரும். எங்கேயோ சூடு போக வழியில்லாமல் அடைபட்டிருக்கிறது.

அப்பா தோசையைப் பிய்த்தபடி கேட்டார். "அந்தச் செம்புத் தட்டு... முகம் பாக்கற மாதிரி பளபளன்னு இருக்குமே, அதுவா?"

"ஆமா."

"அது மூளையைத் தொட்டுக்கிட்டுத்தான் இருக்கணுமா?"

"பின்ன, தூரத்துல இருந்து டாட்டா காட்டுமா?"

"நடுவுல... ரொம்ப மெலிசா எதாவது இருந்தா?"

"எதுப்பா இருக்கும்? எறும்பு பாய் போட்டுப் படுத்திருக்குமா?"

அம்மா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. மூன்றாவது தோசை வேண்டாம் என்று எழுந்துவிட்டார். நகைச்சுவை உணர்வு இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

அம்மாவின் பெயின்ட் பிரஷ்ஷும் சைக்கிள் பம்ப்பும் வைத்து உள்ளே இருந்த தூசியை எல்லாம் ஊதித் தள்ளினேன். இரண்டு மாதத்தில் பெரிதாக என்ன தூசி சேர்ந்துவிடும்? ஒரு பிடிகூட இல்லை. பக்க மூடியைக் கழற்றி டேபிள் ஃபேனை நேராக வைத்து ஆடினேன். கொஞ்சம் கூடுதலாகத் தாங்கியது. பிறகு நின்றது. எனக்கு ஜலதோஷம்.

அப்பாவின் நடவடிக்கை சரியில்லை. மொட்டை மாடியில் நின்று சவரிமுத்து அண்ணனிடம் ஃபோனில் குசுகுசுவென்று பேசுகிறார். நான் போனதும், "சரி சரி, பேஸ்டு வாங்கிக்கறேன்" என்று வைத்துவிட்டார். பற்பசை வாங்க ரிப்பேர்க்காரரிடம் யோசனை கேட்கும் ஒரே மனிதர். என்னை ஏமாற்ற முடியுமா? 18க்கு முன்பே கம்ப்யூட்டரைக் கடத்தத் திட்டம் நடக்கிறது.

ஆகஸ்ட் 14, புதன்

ஃபர்ஹானா இறுதி எச்சரிக்கை விடுத்தாள். சனிக்குள் சரியாகாவிட்டால் எனக்குப் பதில் லோகித்.

"அவன் துப்பாக்கிக்கெல்லாம் பேர் வைக்கிறவன்டி. மெஷின் கன்னுக்கு மகாலட்சுமின்னு வச்சிருக்கான்."

"வைக்கட்டுமே. அவன் கம்ப்யூட்டர் ஓடுதுல்ல?"

இந்தச் சுற்றில் வெற்றி அவளுக்கு. பதிவுக்காக எழுதிவைக்கிறேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

காலையில் பள்ளியில் கொடி, ஆரஞ்சு மிட்டாய், வேதியியல் சாரின் உரை. (லிஃப்ட் அறிவிப்பு இன்னும் இருக்கிறது. நிர்வாகத்துக்கு மனு போட்டிருக்கிறார்களாம்.)

வீட்டுக்கு வந்தால் வாசலில் அப்பா செருப்பு. கடை லீவு விடாத மனிதர். அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். கூடத்தில் பாய் விரித்திருந்தது. அதன் மேல் என் கம்ப்யூட்டர், வயிறு திறந்தபடி. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று ஒரு வசனத்தைத் தயார் செய்துகொண்டு உள்ளே போனேன்.

அப்பா பனியனோடு உட்கார்ந்திருந்தார். கண்ணாடி மூக்கு நுனியில். மடியில் ஃபேன் தலைகீழாக. அதன் அடியில் இருந்த செம்புத் தட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் நெருடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மறைக்கப் பார்த்தார். பிறகு மறைக்கவில்லை.

"நகம் இருக்காடா உனக்கு? எனக்கு ஓரம் சிக்க மாட்டேங்குது."

கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துக் காட்டினார். செம்பின் மேல் ஒரு மெல்லிய பளபளப்பு. அச்சாக அந்தத் தட்டின் அளவுக்கே வெட்டிய ஸ்க்ரீன் கார்டு. நாலு மூலையையும் லேசாக வளைத்து வெட்டியிருந்தது. அந்த மூலையை எனக்குத் தெரியும். இந்த ஊரில் பாதிப்பேர் அதைக் காதில் வைத்துத்தான் பேசுகிறார்கள்.

"அன்னைக்கு சவரிமுத்து டீ குடிக்கப் போனான்ல. இது இங்க பாய் மேல கிடந்துச்சு. புதுசு. அவன், இதுமேல இருந்த பிளாஸ்டிக்கை வேற உரிச்சுப் போட்டுட்டுப் போயிட்டான். கீறல் விழுந்துருமேன்னு..." நிறுத்தினார். "வந்தவனும் கவனிக்கல. பேஸ்டைத் தடவி அப்படியே வச்சு முடுக்கிட்டான்."

கவனிக்க முடியாது. அவ்வளவு சுத்தமாக ஒட்டியிருந்தார்.

எனக்கு அந்த நொடியில் தோன்றிய நக்கல்கள் பதினோராம் வகுப்பு முடியும்வரை போதும். கல்யாணப் பந்தியில் சொல்லலாம். லேமினேட் செய்து கடை வாசலில் மாட்டலாம். என்னை ஜூனிலிருந்து பொய்யன் என்ற மனிதர் என் எதிரில் பாயில் உட்கார்ந்து நகம் கேட்கிறார். வாயைத் திறந்தேன்.

"ஒரு குமிழிகூட இல்லப்பா" என்றேன்.

பாராட்டாகச் சொன்னேனா கிண்டலாகச் சொன்னேனா என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

நான் நகத்தால் மூலையைக் கிளப்பினேன், அவர் பிடித்து இழுத்தார். கிர்ரென்று ஒரே உரி. இந்த வீட்டில் அப்பா கையால் ஒரு பிளாஸ்டிக் உரிபட்டு நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. பக்கத்தில் ஒரு சின்ன ட்யூப் இருந்தது. புராசஸருக்கும் செம்புக்கும் நடுவில் தடவுகிற பேஸ்டு. பற்பசை இல்லையாம். தடவி, ஃபேனை வைத்து, ஆளுக்கு இரண்டு திருகு முடுக்கினோம். நான் உதவியதற்குக் காரணம் ஸ்க்ரூ டிரைவர் என் பக்கம் கிடந்தது.

அம்மா தேங்காய் மூடியோடு உள்ளே வந்தார். "என்னடா, சரியாயிருச்சா? என்ன கோளாறாம்?"

அப்பா திருகாணியைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

"தூசிம்மா" என்றேன்.

"நான் அன்னைக்கே சொல்லல? கம்ப்யூட்டர் மேல ஒரு துணியாச்சும் போட்டு மூடி வைங்கன்னு?"

"வேண்டாம்" என்றோம், நானும் அப்பாவும், ஒரே குரலில்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

முழுச் சாயங்காலமும் ஆடினேன். சூடு அறுபத்தைந்தைத் தாண்டவில்லை. நிற்கவில்லை.

ஃபர்ஹானா: "என்னடா கோளாறு?"

"தூசி."

சவரிமுத்து அண்ணன்: "என்ன தம்பி கோளாறு? உங்கப்பா ஏதேதோ கேட்டாரே."

"தூசிண்ணே. ஒரு மூட்டை."

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. அப்பா பேசாமல் இருந்திருந்தால் திங்கட்கிழமை கம்ப்யூட்டர் தானாகக் கடைக்குப் போயிருக்கும். இப்போது அம்மாவின் தீர்ப்புப்படி வீட்டிலேயே. அவரோ தினமும் பக்கத்துக் கடைக்காரரிடம் போய், "தம்பி, ஒரே ஒரு பிரிண்ட்" என்று நிற்கிறார். அந்த ஆள் இவரை ஓரமாக நிறுத்திவிட்டுத் தன் வாடிக்கையாளரை முதலில் பார்க்கிறான். நான் எதிர்ப் பெட்டிக்கடையில் நின்று பார்த்தேன். வேடிக்கை பார்க்கத்தான் போனேன். வேடிக்கையாக இல்லை.

பஸ் ஓட்டும் ஆசையில் சரி செய்திருப்பார். அப்படித்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

தகுதிச் சுற்று. முதல் ஆட்டத்தில் ஜெயித்தோம். இரண்டாவதில் நான் கிணற்றுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, சிறப்பாக, தெளிவாக, எந்தத் தடங்கலும் இல்லாமல் சுடப்பட்டேன். கம்ப்யூட்டர் கடைசிவரை கம்பீரமாக ஓடியது. தோற்றதற்கு என்னைத் தவிர வேறு யாரையும் காட்ட முடியாத நிலைமை எவ்வளவு கொடுமை என்று இன்றுதான் தெரிந்தது.

"பழையபடி நீலமாயிருக்கலாம்டா நீ" என்றாள் ஃபர்ஹானா.

அப்பா என் நாற்காலிக்குப் பின்னால் நின்று முழு ஆட்டத்தையும் பார்த்தார். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி. "நிக்கலேல்ல?"

"நிக்கலப்பா."

தலையாட்டிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு எங்கோ கிளம்பினார். பழைய கம்ப்யூட்டர் எங்காவது தவணைக்குக் கிடைக்குமா என்று பார்க்கப் போகிறாராம். அம்மா சொன்னார். நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

காலையில் பல் துலக்கிக்கொண்டே அறிவித்தேன். பள்ளி நேரத்தில் கம்ப்யூட்டர் சும்மாதான் கிடக்கிறது. அது பகலில் கடைக்குப் போகட்டும், ராத்திரி என்னோடு வீட்டுக்கு வரட்டும். தோற்றுப்போன துக்கத்தில் எனக்கு அதைப் பகலில் பார்க்கவே பிடிக்கவில்லை, வேறு காரணம் எதுவும் இல்லை.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். "பல்லை விளக்கிட்டுப் பேசுடா, ஒண்ணும் புரியல" என்றார். எல்லாம் புரிந்திருந்தது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

பைக்கில் பின்னால் உட்கார்ந்து நான் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கிளம்பும் முன் அப்பா பரணிலிருந்து பெரிய பாலிதீன் உறை ஒன்றை எடுத்து வந்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உறையை மடித்துப் பரணிலேயே போட்டுவிட்டு வந்தார்.

ஆகஸ்ட் 21, புதன்

பள்ளி விட்டதும் கம்ப்யூட்டரை அழைத்துவரக் கடைக்குப் போனேன். மானிட்டருக்கு மேல் புத்தம் புதிதாக லேமினேட் செய்த அறிவிப்பு: 'இங்கு கேம் விளையாட அனுமதி இல்லை.' மூலையெல்லாம் வளைத்து வெட்டியிருந்தது. எனக்காகவாம்.

கவுன்ட்டருக்கு வெளியே ஒரு பெரியவர் ரேஷன் கார்டோடு நின்றார். அப்பா நாற்காலி நுனியில் இருந்தார். கடைசி வளைவு, கீழே பஸ் ஸ்டாண்டின் விளக்குகள்.

"தம்பி, ஒரு ஜெராக்ஸ்" என்றார் பெரியவர்.

"ஒரு நிமிஷம் அண்ணாச்சி. உள்ள கைப்புள்ளக்காரி ஒருத்தி இருக்கா, இறக்கி விட்டுட்டு வந்துடறேன்."

பெரியவர் என்னைப் பார்த்தார். நான் அறிவிப்பைப் பார்த்தேன். பிறகு அவரிடமிருந்து கார்டை வாங்கி நானே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். திரும்பி வந்தபோதும் பஸ் அங்கேயே நின்றது. திரையைப் பார்த்ததும் கத்திவிட்டேன்.

"என்னப்பா, மறுபடியும் நின்னுருச்சா?"

"கத்தாதடா. சிகப்பு விழுந்திருக்கு."